அப்கிரேட் முடிந்த நாள்

சோரியாங்குப்பத்துக் கரும்புக்கொல்லையை விற்ற பணம் முழுவதையும் புகழ்வேந்தன் கிரிப்டோ காயினில் போட்டிருந்தான். மனைவி செல்வகுமாரி எடுக்கச் சொன்னபோதெல்லாம், "நெட்வொர்க் ஸ்லோவா இருக்குது, அப்கிரேட் வரட்டும்" என்று தள்ளிப்போட்டான்.

இன்று அது வந்துவிட்டது.

"ஏங்க, இனிமே நொடியில பணம் வந்துடுமாம். பொண்ணு பாத்துச்சு" என்றபடி செல்வகுமாரி அவன் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஆமா" என்றான்.

"இதுக்குத்தான இத்தினி நாளா காத்துக்கினு இருந்தீங்க?"

"ஆமா."

"எல்லாத்தயும் எடுத்துடலாமா?"

"ஆமா."

மகள் சரண்யா புதுப் போனோடு வந்தாள். "கணக்கத் தொறக்க ரகசிய வார்த்தை பன்னெண்டு கேக்குதுப்பா. எழுதி வெச்சா திருடு போயிடும்னு மனசுலயே வெச்சிருந்தியே. மொத வார்த்தைய சொல்லு."

அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணித் துடித்தது. கண் நிறைந்தது.

"ஆமா."

செல்வகுமாரி முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். நல்ல சேதி கேட்டாலாவது பேச்சு திரும்பும் என்று நம்பியிருந்தாள். போன மாதம் பக்கவாதம் வந்து அவன் விழுந்தபோது அந்தக் கணக்கு இருந்த பழைய போனும் உடைந்துபோனது. அவனிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்.