மூடிய மதகு

புதுக் கால்வாய் வந்த பிறகு நகரத்தில் வெள்ளம் தேங்கியதே இல்லை. பெய்த மழையெல்லாம் மண்ணில் இறங்குமுன் கடலுக்குப் போனது, கிணறுகள் வற்றின.

அன்று அடைமழை. அந்தக் கால்வாயின் மதகை இயக்கும் ஜெரினா கட்டுப்பாட்டு அறைக்குள் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். வீட்டிலிருந்து கணவன் காதர் போனில் கெஞ்சினான்.

"இன்னிக்கு மழைத்தண்ணிய வாளியில புடிச்சுக்கலாம். நாளைக்கு கொழந்தைக்குக் குடிக்க என்ன பண்றது? கொஞ்ச நேரம் மதகை மூடேன், தண்ணி மண்ணுல எறங்கட்டும்."

"வேலை போயிடுங்க."

ஆனாலும் மூடினாள். தெருக்களில் தண்ணீர் ஏறுவதைத் திரையில் பார்த்தாள். உடனே காதரை அழைத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"கூடத்துல, முழங்கால் தண்ணில. கொழந்தை தோள்ல இருக்கு."

"ஐயோ, திறந்துடறேன்!"

"வேணாம்மா. கொல்லைக் கிணத்துல மறுபடி தண்ணி ஊறுது."