தப்பிப் போகிற ஆடு

இடுப்பில் வெட்டுகத்தியோடு பொன்னுதாஸ் வாத்தியார், கடைக்காரன் சுந்தரதாசின் வாழைத்தோட்டத்துக்குள் நுழைந்தார். கண்டதும் சுந்தரதாசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாத்தியாருக்குப் பின்னால் ஒருவன் கறுப்புக் கடா ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான்.

பயம் வராமல் என்ன செய்யும்? போன வருஷம், தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட எல்லைப் போராட்டத்தின் மறைவில் குளத்தூரில் பஸ்ஸைக் கொளுத்தியவன் சுந்தரதாஸ். ஜெயிலுக்குப் போனவர் வாத்தியார். அவர் உள்ளே கிடந்தபோது மனைவி ராஜபாய் செத்துப்போனாள். அடக்கத்துக்குக்கூட அவரை விடவில்லை.

"இவன் ஆரு?" என்றான் சுந்தரதாஸ்.

"காட்டாக்கடைச் சந்தையில ஆடு விக்கிற மலையாளத்தான். தமிழ் ஒரு பொட்டு அறியாது. எலே, எனக்க ராஜபாய்க்க முகத்தைக் கடைசியா ஒருக்கப் பாக்க விட்டியாலே நீ?"

சுந்தரதாஸ் கத்தியையே பார்த்தபடி ஒரு வாழையின் பின்னால் ஒதுங்கினான்.

"வெட்டுனா அவ வரமாட்டா. வேதத்தில உள்ளபடி முடிச்சிருவோம். ஸ்கேப்கோட்டுண்ணு இங்கிலீஸ்ல ஒரு வார்த்தை உண்டு. நானூறு வருசம் முன்ன, பைபிளை இங்கிலீஸ்ல ஆக்குனவன் உண்டாக்குனதாக்கும். தப்பிப் போற ஆடுண்ணு அர்த்தம். ஆசாரியன் ஆட்டுக்க தலையில ரெண்டு கையும் வச்சு, சனங்களுக்க பாவத்தைச் சொல்லி, காட்டுல விட்டிருவான். பாவம் அதோட போச்சு."

கடா திமிறியது. "கயித்தை இறுக்கிப் பிடியும்!" என்றார் வாத்தியார். ஆட்டுக்காரன் சட்டென்று இறுக்கிப் பிடித்தான்.

"கையை வையிலே. செஞ்சதை வாய்விட்டுச் சொல்லு. இந்தக் கத்தியை நெய்யாத்துல எறிஞ்சிருவேன்."

ஓர் ஆட்டோடு போகிறதே என்று சுந்தரதாசுக்கு உயிர் வந்தது. இரண்டு கைகளையும் கடாவின் தலையில் அழுத்தி வைத்தான்.

"கர்த்தாவே, பஸ்ஸைக் கொளுத்துனது நானாக்கும். வாத்தியாருக்க பேரைச் சொன்னதும் நான்தான். எனக்க கடைப் பேரு எழுதின மண்ணெண்ணெய் டின்னை இந்தக் கிணத்துலயாக்கும் போட்டேன். ஆமென்."

வாத்தியார் கத்தியை உருவினார். சுந்தரதாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அறுந்தது கயிறு. கடா வாழைகளுக்குள் பாய்ந்து ஓடியது. வாத்தியார் ஆட்டுக்காரன் பக்கம் திரும்பினார்.

"ஆடு தப்பிச்சாச்சு, இன்ஸ்பெக்டர் ஏமானே. இனி ஆளைப் பிடியும்!"