இலஞ்சிக் கூட்டத்தில் சுட்டவன்

ஜில்லா போர்டு தேர்தலுக்கு நின்ற மிராசுதாரை இலஞ்சி ஊரில் நடந்த கூட்டத்தில் யாரோ சுட்டுவிட்டார்கள் என்று மறுநாள் காலையில் தென்காசியே கொதித்துக்கொண்டிருந்தது. காப்பிக் கடை மூலையில் உட்கார்ந்திருந்த மிராசுதார் வீட்டுக் காவல்காரன் சங்கிலிப்பாண்டி இட்லியைப் பிட்டபடி பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“தோப்புக்குள்ள நின்னு நாலு பேரு சுட்டானுவ அண்ணாச்சி! ஒரு குண்டு என் காதை உரசிட்டுல்லா போச்சு” என்றார் கூட்டத்துக்குப் போய்வந்த நம்பிராஜன்.

“எல்லாம் எதிராளி வேலைதான். பாவம், குண்டுச் சத்தத்துல பதறி மேடையில இருந்து விழுந்து மண்டை உடைஞ்சு கெடக்காரு மனுசன். இனி என் ஓட்டு அவருக்குத்தான்” என்றார் கடைக்காரர். கடையில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

சங்கிலிப்பாண்டி இட்லியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். தலையில் கட்டோடு படுத்திருந்த மிராசுதாரின் காலில் விழுந்தான்.

“எசமான், மன்னிக்கணும்! உங்க அப்பா எங்க போய் எறங்கினாலும் மரியாதைக்கு வானத்தைப் பாத்து ஒரு வேட்டு போடுவேன். அந்தப் பழக்கத்துல நேத்து உங்களுக்கும் போட்டுட்டேன். போலீசுல போய் நெசத்தைச் சொல்லிருதேன்.”

மிராசுதார் துள்ளி எழுந்து கதவைச் சாத்தினார்.

“வாயத் தொறக்காதலே! நாளைக்கு வீரகேரளம்புதூர்ல கூட்டம். அங்கனயும் ஒண்ணு போடு. ஆனா அதுக்கு முன்னால ஒரு செருமு செருமு. வைக்கோல் கெடக்க பக்கமாப் பாத்து நான் விழணும்லா!”