தளம் கேட்டால் மட்டும்

தளம் போட்ட மறுநாள் காலை, ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் சவரிமுத்து குடத்தோடு மொட்டை மாடிக்கு ஏறினார். ஊற்றக் குனிந்ததும் தளம் பேசியது, அதைப் போட்ட மேஸ்திரி அஞ்சுகத்தின் குரலில்.

"இப்ப வேணாம் சார். தண்ணி வேணும்னா நானே கேக்கறேன்."

"கான்கிரீட்டாவது, கேக்கறதாவது! பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தலைன்னா வெடிச்சுப்போகும்" என்று குடத்தைச் சரித்தார்.

கீழேயிருந்து மனைவி ரெஜினா கத்தினாள். "ஏங்க, அது அளந்து குடுக்கற ரேஷன் தண்ணி! பொண்ணு பிரசவத்துக்கு வர்றா. பொறக்கற புள்ளைய எதுல குளிப்பாட்டுவீங்க?"

சவரிமுத்துவின் கை நின்றது. அரைக் குடம் மிஞ்சியது.

அதன்பிறகு தினமும் மாடியில் போய்க் காத்திருந்தார். தளம் எப்போதாவதுதான் கேட்டது, அதுவும் ஒரு செம்பு. கேட்டபோது ஊற்றினார். கீறல்கூட விழவில்லை.

பேத்தி பிறந்தாள். இளவெயிலில், அதே மாடியில் ரெஜினா கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டினாள். மிச்சம் பிடித்த தண்ணீர் வெதுவெதுப்பாகத் தரையில் வழிந்தது.

"இப்ப வேணாம் சார்" என்றது தளம்.

"ஒனக்கு யாரு ஊத்துனா? சும்மா கெட" என்றார் சவரிமுத்து.