குடும்பத்தின் பசி

சேவியரின் எடையைக் குறைக்க குடும்ப டாக்டர் ஞானராஜ் மருந்து எழுதவில்லை. தன் கைபேசியில் அந்தக் குடும்பத்தின் பசியையே குறைத்து வைத்தார். சேவியரின் தொந்தி கரைந்தது. மீன்குழம்பு சட்டியிலேயே ஆறிக் கிடந்தது.

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் மதியம், அவன் மனைவி ரெஜினா டாக்டரை ஸ்பீக்கரில் அழைத்தாள். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

“டாக்டர், பிள்ள அழவே மாட்டேங்கான். பால் குடுத்தா முகத்தத் திருப்பிக்கிடுதான்.”

“குடும்பத்துக்கே சேத்துதான கொறச்சிருக்கேன். புதுசா வந்த ஆளுக்கும் கொறையத்தாம்மா செய்யும்.”

“அப்போ கூட்டி வைங்க!”

“வச்சிரலாம். சேவியர் சரின்னு சொல்லட்டும்.”

தொட்டிலில் பிள்ளை கண்ணைத் திறந்தபடி சத்தமில்லாமல் கிடந்தான். கண்ணாடி முன் நின்று வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த சேவியர் திரும்பினான்.

“இன்னும் ரெண்டு கிலோ மட்டும் கொறஞ்சிரட்டும் டாக்டர்.”