உயிர் வந்த போர்டு

ஒரே சர்க்யூட் போர்டில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்களை மோதலில்லாமல் ஓட்டும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் கிடைத்தது. கம்ப்யூட்டருக்குள் உருவாக்கிய மாதிரிப் போர்டில் தினமும் கட்டளையைத் தட்டியதும் சமர்த்தாக ஓடிற்று. மேசை மூலையில் வயர்களுக்குள் கிடந்த நிஜப் போர்டோ கல்லுளிமங்கனாக இருந்தது.

"இன்னைக்கும் ஓடலைன்னா கடையை மூட வேண்டியதுதான்ப்பா" என்று இன்ஜினியரின் முதுகுக்குப் பின்னால் நின்றார் மேனேஜர்.

அவன், கை பழகிய கட்டளையை மளமளவென்று தட்டினான். திரையில் எழுத்துகள் ஓடின. இரண்டு சிஸ்டங்களும் எழுந்தன!

மேனேஜர் வாடிக்கையாளரைப் போனில் பிடித்தார். "போர்டுல ஓடுது சார்! கீழதான் இருக்கீங்களா? மேல வாங்க, நேர்லயே பாருங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு டெஸ்டிங் பெண் வந்தாள். "ஸாரிண்ணா, காலையில சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டேன். இந்தாங்க, உங்க போர்டோட பவர் வயர்."