லண்டன் வேண்டாமடா

"லண்டன் வேண்டாமடா! பிள்ளையள் ஜெர்மன் மொழியில படிக்குதுகள். உன்ர பட்டம் அங்க செல்லுமோ எண்டு எழுதிக் கேட்டனியோ?"

ஆக்லாந்திலிருந்து கேதீஸ்வரன் தொலைபேசியில் கத்தினார். மறுமுனையில், ஜெர்மனியில் இருக்கும் தம்பி திலக்சன். ஒரு மாதமாக இதே வாக்குவாதம்தான்.

"நீங்கள் மட்டும் நியூசிலாந்துக்குப் போய் இஞ்சினியரா இருக்கலாம். நான் லண்டன் போனா உங்களுக்கு ஏன் எரியுது?"

கேதீஸ்வரன் தொலைபேசியைக் கையால் பொத்தினார். பக்கத்தில் நின்ற மனைவி ரதிதேவி, "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள்.

"தம்பி, என்ர பட்டத்தை இங்க ஒருத்தரும் மதிக்கேல்லை. தொண்ணூற்றிரண்டில வந்ததிலயிருந்து மனுரேவா எண்ட புறநகரில ஒரு கிடங்கில பெட்டி அடுக்கிறன். நீங்கள் கவலைப்படக் கூடாதெண்டுதான் பொய் எழுதினனான். கையில இருக்கிற இஞ்சினியர் வேலையை விட்டிடாதை."



"எந்த வேலை அண்ணா?" திலக்சனின் குரல் உடைந்தது. "ஆறு வருசமா நான் இங்க ஒரு ரெஸ்டோரண்டில கோப்பை கழுவுறன். நீங்கள் அங்க இஞ்சினியர் எண்டபடியால்தான், இங்கிலீஷ் கதைக்கிற நாட்டுக்குப் போனா எனக்கும் கிடைக்குமெண்டு நம்பினனான்."